கற்பூரவள்ளி

கற்பூரவள்ளி அல்லது ஓமவல்லி என்பது தடித்த, மணமுள்ள இலைகளைக் கொண்ட ஒரு மூலிகைச் செடியாகும். இதன் தாவரவியற் பெயர் கோலியஸ் அம்பாயினிக்கஸ் ஆகும். சளி, இருமல், அசீரணம் ஆகியவற்றுக்கான கைமருந்தாகத் தமிழகத்தில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய சமவெளிப் பகுதிகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் கிணற்றடிகளிலும் இதனைப் பரவலாகக் காணலாம்.

ஐரோப்பியக் கைமருத்துவத்தில் தைம் என்னும் செடி வகிக்கும் இடத்தைத் தமிழகத்தில் கற்பூரவள்ளியும் ஓமமும் வகிக்கின்றன எனலாம். இம்மூன்றும் வெவ்வேறு செடிகள். எனினும் இவற்றின் மணத்துக்கும் மருத்துவக் குணத்துக்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய வேதிப்பொருட்களே காரணமாகும்.

அறிவியல் வகைப்பாடு

திணை: தாவரம்
வரிசை: லேமியேல்ஸ்
குடும்பம்: லேமியேசியே (புதினாக் குடும்பம்)
பேரினம்: கோலியஸ்
இனம்: கோலியஸ் அம்பாயினிக்கஸ்

பெயர்கள்

இலையைக் கசக்கினால் கற்பூரத்தையும் ஓமத்தையும் ஒத்த மணம் எழுகின்றது. இதனாலேயே கற்பூரவள்ளி, ஓமவல்லி என்னும் இரு பெயர்களும் ஏற்பட்டன. மலையாளத்தில் பனிக்கூர்க்கா எனவும், கன்னடத்தில் தொட்டபத்ரெ எனவும், தெலுங்கில் வாமு ஆக்கு எனவும், சிங்களத்தில் கப்பரவல்லிய எனவும் இது அழைக்கப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பல பெயர்களுள் 'ஸ்பானிஷ் தைம்' என்பதும் ஒன்றாகும். கரிபியன் தீவுகளில் 'அகன்ற இலைத் தைம்' என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடப்படுகின்றது.

போர்த்துக்கேயத் தாவரவியலாளர் ஜொவாவ் தெ லோரெய்ரோ 1790 ஆம் ஆண்டில் இச்செடிக்குக் கோலியஸ் அம்பாயினிக்கஸ் எனப் பெயரிட்டார். அம்பாயினிக்கஸ் என்பது இந்தோனேசியாவின் ஆம்பொன் தீவைக் குறிக்கும். பின்னர் இது பிளெக்ட்ராந்தஸ் என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் வெளியான பெயரிடல் மறுஆய்வைத் தொடர்ந்து மீண்டும் கோலியஸ் பேரினத்துக்கே மாற்றப்பட்டது. எனவே பழைய நூல்களில் பிளெக்ட்ராந்தஸ் அம்பாயினிக்கஸ் என்று காணப்படுவதும் இச்செடியே ஆகும்.

கற்பூரவள்ளி என்னும் பெயரில் ஒரு வாழை வகையும் உண்டு. அதற்கும் இம்மூலிகைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

செடியின் அமைப்பு

இது பல ஆண்டுகள் வாழும் செடியாகும். தண்டு சதைப்பற்றுடன் நான்கு பட்டை கொண்டது. முற்றியபின் அடிப்பகுதி கட்டைத்தன்மை அடையும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. அகன்று, தடித்து, விளிம்பில் மழுங்கிய பற்களுடன் காணப்படும். இலையின் இருபுறமும் மென்மையான மயிர்கள் உள்ளன. அவற்றிடையே அமைந்த நுண்ணிய சுரப்பிகளிலேயே எளிதில் ஆவியாகும் எண்ணெய் சேர்கின்றது. இலையைத் தொட்டவுடன் மணம் வருவது இச்சுரப்பிகள் உடைவதாலேயே. வெளிர் ஊதா நிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். ஆயினும் தொட்டிகளில் வளரும் செடிகள் பூப்பது அரிது.

துளசி, புதினா, தும்பை, திருநீற்றுப்பச்சிலை, தைம் ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தை மாதத்தில் தென்மாவட்டச் சந்தைகளுக்கு வரும் சிறுகிழங்கும், வேருக்காகப் பயிரிடப்படும் மருந்துக்கூர்க்கனும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

தைம், ஓமம், கற்பூரவள்ளி

தைம் மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த சிறு புதர்ச்செடி. குளிர்ந்த, வறண்ட தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. தமிழகத்தில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் அது வளர்கின்றது. கோடையில் 40 பாகை செல்சியசை எட்டும் மதுரைச் சமவெளிக்கு அது ஏற்றதன்று. கற்பூரவள்ளியோ சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைச் சேமித்து வெப்பத்தைத் தாங்குகின்றது. ஓமம் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் மருந்தாகப் பயன்படுவது விதை எனப் பொதுவாக வழங்கப்படும் சிறு காய் ஆகும். கடைகளில் கிடைக்கும் ஓமம் கற்பூரவள்ளியிலிருந்து கிடைப்பதன்று.

இம்மூன்று செடிகளின் எண்ணெய்களையும் இணைப்பவை தைமோல், கார்வக்ரோல் என்னும் இரு பீனால் வகைச் சேர்மங்களாகும். இரண்டின் மூலக்கூற்று வாய்பாடும் (10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்) ஒன்றே. வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி அமைந்துள்ள இடம் மட்டுமே வேறு. தைம் எண்ணெயிலும் ஓம எண்ணெயிலும் பெரும்பாலும் தைமோல் மிகுந்திருக்கும். கற்பூரவள்ளி எண்ணெயில் பெரும்பாலும் கார்வக்ரோல் மிகுந்திருக்கும்; சில இடங்களில் விளையும் செடிகளில் தைமோல் முதலிடம் பெறுவதும் உண்டு. மண், பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கேற்ப இவ்விகிதம் மாறுகின்றது. ஆகையால் இரு வீடுகளில் வளரும் செடிகளின் 'ஐந்து இலை' ஒரே அளவு மருந்தாக இருக்கும் என்று கொள்ள இயலாது.

தைமோலை 1719 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் காஸ்பர் நியூமன் தைம் எண்ணெயிலிருந்து பிரித்தார். முதல் உலகப்போர் (1914) தொடங்கும் வரை தைமோல் தயாரிப்பதற்காக இந்திய ஓமம் ஜெர்மனிக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தைமோல் கொக்கிப்புழு நோய்க்கு முதன்மை மருந்தாகப் பயன்பட்டது. அதன் நச்சுத்தன்மை காரணமாகவும், பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்ததாலும் அப்பயன்பாடு கைவிடப்பட்டது. இன்று பல் துலக்கும் நீர்மங்களில் சிறிய அளவில் சேர்க்கப்படுகின்றது.

மரபுவழிப் பயன்கள்

சித்த மருத்துவம் கற்பூரவள்ளியைக் கோழையகற்றி, வியர்வை பெருக்கி, வெப்பமுண்டாக்கி எனக் குறிப்பிடுகின்றது. மதுரை வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மார்கழிப் பனியிலும் இதன் தேவை மிகுதி. வழக்கிலுள்ள முறைகளுட் சில வருமாறு:

* கசாயம்: நான்கைந்து இலைகளை மிளகு, சுக்கு அல்லது துளசியுடன் நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, பாதியாக வற்றியபின் வடிகட்டி, பனங்கற்கண்டு சேர்த்து வெதுவெதுப்பாகப் பருகுதல்.
* சாறு: இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, தேனுடன் கலந்து உட்கொள்ளுதல்.
* பற்று: அரைத்த இலையை நல்லெண்ணெயுடன் குழைத்துத் தலைவலிக்கு நெற்றியில் இடுதல்.
* உணவு: கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி பொரித்தல், இரசம், துவையல், தயிர்ப்பச்சடி செய்தல்.

வயிற்று உப்புசத்துக்கும் அசீரணத்துக்கும் இலையை உப்புடன் மென்று தின்பதும் உண்டு. ஓமத்தை வாலையில் வடித்துப் பெறும் ஓமநீர் இதே நோக்கத்துக்காக நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றது.

ஆய்வுகள் கூறுவன

கார்வக்ரோலும் தைமோலும் பாக்டீரியாக்களின் கொழுப்பாலான புறச்சவ்வில் கரைந்து அதனைக் குலைக்கின்றன. இதனால் உயிரணுவின் உள்ளிருப்பவை கசிந்து பாக்டீரியா அழிகின்றது. ஆய்வகக் கண்ணாடித் தட்டுகளில் இவ்விளைவு பலமுறை காட்டப்பட்டுள்ளது. ஆயினும் தட்டில் நேரடியாக இடப்படும் எண்ணெயின் செறிவு வேறு. ஒரு குவளைக் கசாயம் பருகியபின் இரத்தத்தையோ நுரையீரலையோ சென்றடையும் செறிவு வேறு. ஆகவே கற்பூரவள்ளி தொற்றைக் குணப்படுத்தும் என்று இச்சோதனைகளை மட்டும் கொண்டு கூறுதல் பொருந்தாது.

தைமைப் பொறுத்தவரை, சளியுடன் கூடிய இருமலுக்கான மரபு மருந்தாக அதனை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுள்ளது. இவ்வேற்பு நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் அமைந்ததாகும்.

கற்பூரவள்ளி தொடர்பான குறிப்பிடத்தக்க மருத்துவ ஆய்வு வேறொரு துறையில் நிகழ்ந்தது. கற்பூரவள்ளி, வல்லாரை ஆகியவற்றின் சாரங்களைக் கொண்டு தைவானில் உருவாக்கப்பட்ட களிம்பு ஒன்று, நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களில் ஆராயப்பட்டது. 236 பேர் பங்கேற்ற இவ்வாய்வின் முடிவுகள் 2021 இல் வெளியாயின. 16 வாரங்களில், களிம்பைப் பயன்படுத்தியோரில் 60.7 விழுக்காட்டினருக்குப் புண் முழுமையாக ஆறியது. வழக்கமான உறிஞ்சு கட்டு இடப்பட்டோரில் இது 35.1 விழுக்காடாக இருந்தது. அவ்வாண்டே தைவான் அக்களிம்புக்கு ஒப்புதல் அளித்தது. இம்முடிவு தூய்மை செய்யப்பட்டு அளவு வரையறுக்கப்பட்ட சாரங்களுக்கு மட்டுமே பொருந்தும். பச்சை இலையை அரைத்து நீரிழிவுப் புண்ணில் வைத்துக் கட்டினால், இலையிலுள்ள மண்ணும் நுண்ணுயிர்களும் புண்ணில் கலந்து, கால் இழப்பு வரை கொண்டு செல்லக்கூடும்.

குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி

இச்செடி மிகுதியும் பயன்படுவது குழந்தைகளின் சளிக்கேயாகும். இதில் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

* ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், நீர் உட்பட, தரலாகாது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையாகும். சாறும் ஓமநீரும் இதில் அடங்கும்.
* ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கலாம். சாற்றைத் தேனில் குழைத்துத் தரும் வழக்கம் இவ்வயதினருக்கு ஆபத்தானது.
* சாற்றையோ எண்ணெயையோ மூக்கில் விடுதல் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்று அழற்சியை ஏற்படுத்தும்.
* கொதிநீரில் இலையிட்டு ஆவி பிடிக்கச் செய்தல் சிறுவர்களுக்கு வெந்நீர்க் காயங்களை விளைவிக்கக்கூடும்.

சாதாரணச் சளி பெரும்பாலும் வைரசால் வருவது. மருந்தின்றியே சில நாட்களில் தணிந்துவிடும். நிமோனியா அவ்வாறன்று, அதனைக் கைமருந்தால் ஆற்ற இயலாது. இரண்டையும் வேறுபடுத்த உலக சுகாதார அமைப்பு ஓர் எளிய அளவுகோலைத் தந்துள்ளது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையில் 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது விரைவு மூச்சாகும். விரைவு மூச்சு, மூச்சிழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் கசாயம் கொடுத்துப் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தமிழகத்தில் 108 என்ற எண்ணில் இலவச அவசர ஊர்தி கிடைக்கும்.

பெரியவர்களுக்கான எச்சரிக்கைகள்

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இச்சோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகும். கசாயத்தால் தொண்டைக்கு இதம் கிடைப்பதால் நோய் தணிந்ததாக எண்ணிக் காலம் தாழ்த்துவது, நோயாளிக்கும் உடன் வாழ்பவர்களுக்கும் தீங்காக முடியும்.

உணவில் சேரும் அளவில் இலை பொதுவாகத் தீங்கற்றது. வடித்தெடுத்த எண்ணெய் மிகச் செறிவானது, அதனை உட்கொள்ளலாகாது. கருவுற்றோர் மருந்தளவில் உட்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். இலைச்சாறு சிலருக்குத் தோலில் எரிச்சலை உண்டாக்கும். நாய், பூனை ஆகியவற்றுக்கு இச்செடி நச்சாகும்.

வளர்ப்பு

கற்பூரவள்ளி தண்டிலிருந்தே வளர்க்கப்படுகின்றது. ஒரு சாண் நீளமுள்ள துண்டின் அடியிலைகளை நீக்கி ஈரமண்ணில் ஊன்றினால் இரண்டு, மூன்று வாரங்களில் வேர்விடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் இதற்கு ஏற்றது. திருமங்கலம் பகுதியின் கரிசல் மண் நீரைத் தேக்குவதால் மணலும் மக்கிய எருவும் கலந்து பயன்படுத்துதல் நலம். நீர் தேங்கினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்தபின் நீர் விட்டால் போதுமானது. சித்திரை, வைகாசி வெயிலில் பகுதி நிழல் தேவை. நுனியை அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளைகள் தோன்றிச் செடி அடர்த்தியாகும். உண்பதற்கான செடியைச் சாக்கடை நீர் படும் இடத்திலும், பூச்சிக்கொல்லி தெளிக்கப்படும் இடத்திலும் வளர்த்தலாகாது.

இவற்றையும் பார்க்க

* ஓமம்
* துளசி
* தும்பை
* வல்லாரை
* சிறுகிழங்கு