முதுமையும் அட்ரீனல் சுரப்பியும்

முதுமை என்பது உடல் முழுவதும் ஒரே காலத்தில் ஒரே அளவாய் வந்து படிவதென்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். நரையும் திரையும் கண்ணெதிரே தோன்றுதலால் அவ்வெண்ணம் எழுந்தது போலும். உள்ளுறுப்புக்களின் செய்தியோ வேறு. ஒரே சுரப்பியினுள் ஓரடுக்கு வாடிச் சுருங்க, அதனை அடுத்த அடுக்குத் தளர்வின்றித் தொழில் புரிதலும் உண்டு. அட்ரீனல் சுரப்பி இதற்குத் தக்க சான்றாகும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்துள்ள இச்சுரப்பிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம் எடையே உடையன. இவை பழுதுற்றோர் உடல் மெலிந்து, தோல் கருத்து, இறந்துபடுதலை 1855 ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன் எழுதி வெளியிட்ட பின்னரே இவற்றின் அருமை புலனாயிற்று. நடுவே அட்ரீனலின் சுரக்கும் அகணி. அதனைச் சூழ்ந்தது புறணி. புறணி மூன்றடுக்கு உடையது. வெளியடுக்கு, உடலின் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனைத் தரும், இடையடுக்கு, துன்புற்றபோது உடலைத் தாங்கும் கார்ட்டிசாலைத் தரும், உள்ளடுக்கு, டி.எச்.இ.ஏ. என்பதைத் தரும்.

இவ்வுள்ளடுக்கின் வரலாறே வியப்புடையது. 6 முதல் 8 வயதளவில் அது தொடர்ந்த ஓரடுக்காய் உருப்பெறுகின்றது. அதன் சுரப்பு இருபதுகளில் உச்சமடைகின்றது. இதனை வரையும் எமக்கு இன்னும் ஏறுமுகமே! எண்பதை எட்டியோரிடத்தோ அவ்வுச்சத்தில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே எஞ்சும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவார்க்கு அவ்வடுக்கு மெலிந்து, எல்லை கோணியிருத்தல் தெரியும். அதன் உயிரணுக்களில் லிப்போஃபஸ்கின் என்னும் பழுப்பு நிறப்பொருள் தேங்கிக் கிடக்கும். அஃது உயிரணு எரித்துக் கழிக்கவியலாத குப்பை எனலாம்.

இடையடுக்கு அங்ஙனம் வாடுவதில்லை. கார்ட்டிசால் குறையாததோடு, இரவின் தொடக்கத்தில் தாழ வேண்டிய அளவிற்குத் தாழாமலும் நிற்கின்றது. கார்ட்டிசால் மிகுமாயின் எலும்பு தேயும், தசை நலியும் என்பதை நினைக்குங்கால் இது சிறு செய்தியன்று. வெளியடுக்கிலோ மற்றொரு புதுமை. இளமையில் வேலிபோல் தொடர்ந்து நின்று ஆல்டோஸ்டிரோன் செய்த உயிரணுக்கள், வயது ஏறஏறத் திட்டுத்திட்டாய்ப் பிரிகின்றன. அத்திட்டுக்களிற் பலவற்றின் மரபணுக்களில் திரிபுகள் காணப்படுகின்றன. உடலின் ஆணைக்கு அடங்காது தாமே சுரக்கும் இயல்பும் அவற்றிற்கு உண்டு. முதியோரின் இரத்த அழுத்தத்திற்கு இதுவும் ஒரு காரணமாமோ என ஆய்வாளர் ஐயுறுகின்றனர்.

குறைந்ததை மாத்திரையால் நிரப்பின் இளமை மீளுமன்றோ என்று கேட்பார் பலர். அவ்வாசையை நம்பியே டி.எச்.இ.ஏ. மாத்திரைகள் அமெரிக்க நாட்டில் கடைகளில் விற்கப்படுகின்றன. அந்நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தார் முதியோர்க்கு அதனை ஈராண்டு கொடுத்து, 2006 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் அதன் அளவு இளையோர்க்கு ஒப்ப உயர்ந்தது; உடல் வலிமையோ வாழ்க்கை நலமோ உயரவில்லை.