பழைய காரை ஆன்லைனில் ஏலம் விடுகிறீர்களா? ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதுதான்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இன்றைக்கு ஐ.டி. கட்டடங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் கார் தயாரானது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் ஆலை வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம்தான் இயங்கியது. 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. எழுபதுகளில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. 1988-ல் எல்லாம் நின்றுபோனது. ஆலை மறைந்தாலும் அங்கே பிறந்த வண்டிகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீடுகளின் போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்தி ஒரு ஹெரால்டோ, வேறு ஆலைகளில் பிறந்த பத்மினியோ அம்பாசடரோ நிற்பதை இப்போதும் பார்க்கலாம்.

அந்த வீடுகள் பில்டர் கைக்குப் போகும்போதுதான் காரின் கதி கேள்வியாகிறது. புது ஃபிளாட்டில் ஒரு கார் பார்க்கிங்தான். பிள்ளைகள் வெளிநாட்டில். மெக்கானிக் கேட்கும் விலையோ பழைய இரும்பு விலை. ஆன்லைனில் போட்டால் ஆர்வலர்கள் போட்டிபோட்டு நல்ல விலைக்குக் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, படம் எடுத்துப் போட்டுவிடுகிறோம். அவர் சொல்வது உண்மைதான். நல்ல விலை கிடைக்கவே செய்கிறது. ஆனால் பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்ததும் விற்பனை முடிந்தது என்று நம்புகிறோமே, அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30) யாரை உரிமையாளர் என்கிறது தெரியுமா? யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான். இதன் கடுமையை அறிய, ‘நவீன் குமார் எதிர் விஜய் குமார்’ வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஹரியானாவில் ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. 2009 மே மாதம் ரிவர்ஸ் எடுத்தபோது அந்த வண்டி மோதி ஒரு சிறுவன் இறந்தான். ஆர்.சி.யில் இருந்ததோ முதல் ஆளின் பெயர். கடைசியாக வாங்கியவர்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விபத்தில் பாதிக்கப்பட்டவர் வண்டி கைமாறிய வரிசையைத் தேடி அலைய வேண்டியதில்லை, பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான தீர்ப்பு. விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு இது தலையில் விழும் இடி.

2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியதுதான். ஆர்.சி.யில் பெயர் இருந்ததால் போலீஸ் முதலில் போய் நின்றது அதை எப்போதோ விற்றுவிட்ட குருகிராம்காரரின் வாசலில்.

விளம்பரத்துக்கு முன்பே பார்க்க வேண்டியவை

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பாதிப் பழைய கார்கள் காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கும். அந்த வண்டியை அப்படியே விற்க யாருக்கும் உரிமை இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, படிவம் 31 கொடுத்து ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான் விற்க முடியும். இறப்பை 30 நாளில் தெரிவிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் தாண்டிவிட்டால் அபராதத்தோடு செய்யலாம். செய்யாமல் விடத்தான் கூடாது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் ஏலம் முடிந்த பிறகு தகராறு வெடிப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

அடுத்தது ஆர்.சி.யின் ஆயுள். சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கான கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரி தனி. டெல்லியில் பழைய வண்டிக்குத் தடை என்ற செய்தியைக் காட்டி, “சார், இது இனி ஓடாத வண்டி” என்று விலையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் எஃப்.சி. எடுத்துப் புதுப்பித்த பழைய கார் தாராளமாக ஓடலாம்.

பழைய மெட்ராஸ் நம்பர் வண்டிகளில் பல, கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கும். தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகமோ மீனம்பாக்கமோ, எங்கே உங்கள் வண்டியின் கோப்பு இருக்கிறதோ அங்கே கேட்டு, பழைய பதிவை ஆன்லைனில் ஏற்றச் சொல்லுங்கள். என்றைக்கோ கட்டி முடித்த கடனின் பெயர் ஆர்.சி.யில் ஒட்டிக்கொண்டிருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியே மூடிப்போயிருந்தால் அலைச்சல் அதிகம். அதனால்தான் ஆள் வந்து நிற்பதற்கு முன்பே இதை ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

பானெட்டைத் திறந்து என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் என்ஜின் மாற்றியது, பத்மினிக்கு வேறு வண்டி என்ஜின் போட்டது எல்லாம் அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். ஆர்.டி.ஓ.விடம் பதிவு செய்யாத என்ஜின் மாற்றம் இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். அதை மறைத்து விற்றால் மோசடி வழக்கே வரலாம்.

பதிவாகி 50 ஆண்டைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இருந்தால் அது ‘வின்டேஜ்’ வாகனம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி அதற்குத் தனிப் பதிவு உண்டு: புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாம் என்று சொல்லி விற்றுவிடாதீர்கள். 1950-க்கு முந்தைய கார் என்றால் இன்னொன்று: அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அரசின் உரிமம் வேண்டும். துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருவர் உடனே கப்பலில் ஏற்றச் சொன்னால் நிதானியுங்கள்.

ஏலத்துக்கும் சட்டம் உண்டு

சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 64 ஏலத்துக்கானது. சுத்தியல் அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ஆன்லைன் ஏலத்தில் அந்தக் கணம் எது, ஜெயித்தவர் பின்வாங்கினால் என்ன, முன்பணம் யாருக்கு என்பதெல்லாம் தளத்தின் விதிமுறைகளில் இருக்கும். எழுத்து பொடியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் படித்துவிடுங்கள்.

இந்த விலைக்குக் கீழே தரமாட்டேன் என்று குறைந்தபட்ச விலை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மச்சானை விட்டோ நண்பரை விட்டோ விலையை ஏற்றச் சொல்லக் கூடாது. விற்பவர் தானும் ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவிக்காமல் ஆள் வைத்துக் கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம். பொய்க் கேள்வியால் விலை ஏறியது தெரிந்தால் விற்பனையையே ரத்து செய்யலாம். “எல்லாரும் செய்றதுதானே” என்று இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

வண்டியின் குறைகளை எழுதிப் போடுவதுதான் விற்பவருக்குப் பெரிய பாதுகாப்பு. அடிப்பலகையில் துரு, வேறு வண்டியிலிருந்து போட்ட கதவு, ஓடாத மீட்டர், மறு பெயின்ட் எல்லாவற்றையும் படத்தோடு போடுங்கள். உறுதியாகத் தெரியாமல் ‘ஒரிஜினல்’ என்று எழுதாதீர்கள். பழைய கார் ஆர்வலர்கள் குறைக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. மறைத்ததைத்தான் மன்னிக்க மாட்டார்கள். அதே சமயம் ஆர்.சி., ஆதார், பான் நகல்களைப் பொதுவெளியில் போடக் கூடாது. அவற்றை வைத்து உங்கள் பெயரில் அடுத்த மோசடி நடக்கும்.

தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஆளா?

இது இப்படித்தான் நடக்கிறது. விளம்பரம் போட்ட சில மணி நேரத்தில் போன் வரும். “சார், நான் ஏர்ஃபோர்ஸ். தாம்பரத்துக்கு மாத்தல் ஆகியிருக்கு. வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு, வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க.” சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். விமானப்படைத் தளமும் பரங்கிமலை ராணுவ மையமும் பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதியில் இந்தப் பொய் எளிதில் எடுபடுகிறது. விலை பேசவே மாட்டார். வண்டியை நேரில் பார்க்கவும் வர மாட்டார். “அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் ஏறிடும்” என்பார். பின் போட்டதும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். “தப்பா போயிடுச்சு, திரும்ப ஒருதரம் போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்று இன்னொரு தரம் எடுப்பார்.

பணம் வாங்க யூ.பி.ஐ. பின் ஒருபோதும் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் போன் எடுப்பார்கள் என்றால் இந்த ஒரு வரியை அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், எஸ்.எம்.எஸ்., டிமாண்ட் டிராஃப்ட் எதையும் நம்பிச் சாவி கொடுக்க வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பில் ஏறியதைப் பார்த்த பிறகே கொடுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அதே அளவு தொகையை அபராதமாகக் கட்ட வேண்டியிருக்கும். ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்ஸைப் பாருங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள்.

சாவி கொடுக்கும் நாள்

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நாங்க பாத்துக்குறோம் சார்” என்பது புரோக்கர்களின் பழக்கம். வாங்கியவர் பெயர், தேதி எதுவும் இல்லாத அந்தத் தாளோடு வண்டி யார் யார் கைக்கோ போகும். ஆர்.சி.யில் நீங்களே இருப்பீர்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, வாங்குபவர் உங்கள் எதிரில் கையெழுத்துப் போட்ட பிறகே நீங்கள் போடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே ஆன்லைனில் விண்ணப்பித்து, ஒப்புகை வந்த பிறகு வண்டியைக் கொடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிடத்தையும் எழுதுங்கள். அன்று மாலையே வண்டி எங்காவது சிக்கினால் அதுதான் உங்கள் சாட்சி.

வண்டியை விற்றதை மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் 45 நாள், அத்தோடு தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. பெயர் மாற்ற விண்ணப்பிக்க வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். பெயர் மாறும்வரை இன்சூரன்ஸை ரத்து செய்துவிடாதீர்கள். பழைய கார் வியாபாரியிடம் கொடுக்கிறீர்கள் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் படிவம் 29சி மூலம் ஒப்படைத்ததைப் பதிவு செய்தால் பொறுப்பு அவருக்குப் போகும். அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்

பணம் போனதும் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதுதான் நோக்கம் என்பதால், வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பின்னை நீங்களே போட்டிருந்தால், சொல்லும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது. வங்கிக்குத் தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி.

2022 ஜனவரியிலிருந்து தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. அதன் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 173 அப்படித்தான் சொல்கிறது.

செக் திரும்பி வந்தால், வங்கி மெமோ கிடைத்த 30 நாளில் நோட்டீஸ் அனுப்புங்கள். அது அவருக்குக் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் செக் வழக்கே நிற்காமல் போகலாம்.

ஏலத் தளம் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் நீங்கள் நுகர்வோர். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

என்றைக்கோ விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கலாம். இன்றே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அதன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால், வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, விற்ற தேதிக்கான ஆதாரத்தோடு ஆர்.டி.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து, இரண்டு இடத்திலும் முத்திரையோடு ஒப்புகை வாங்கி வையுங்கள்.