பனிக்காலத்தில் வேர்க் காய்கறிகளை எடுக்கும் பருவம்

வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற காய்கறிகளுள் காரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவை குளிர்ந்த பருவத்தை விரும்புபவை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரில் டிசம்பர், ஜனவரி மாதங்கள் இவற்றிற்கு மிகவும் உகந்தவை. ஆயினும், விதைப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் வேரை எடுக்கும் நாளைக் கணிப்பதில் காட்டுவதில்லை. அதனால் நன்கு விளைந்த வேர்களும் பாத்தியிலேயே பாழாகின்றன.

காரட்டைத் தேவைப்படும் வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம் என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் கூறுவதுண்டு. அந்நாடுகளில் மண்ணின் உஷ்ணநிலை உறைநிலையை நெருங்கும்போது பயிரின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது; மண்ணே சேமிப்பறையாக அமைகிறது. பெங்களூரின் நிலை வேறு. இங்கு ஜனவரி இரவுகளில் உஷ்ணநிலை சாதாரணமாக 15 பாகை சென்டிகிரேடை ஒட்டியே இருக்கும். 1884 ஜனவரி 13 அன்று பதிவான மிகக் குறைந்த அளவுகூட 7.8 பாகையே. எனவே, இங்கு வேர் மண்ணில் உறங்குவதில்லை. தொடர்ந்து வளர்ந்து முற்றிவிடுகிறது.

இக்குளிரால் நன்மையும் உண்டு. பகலில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் குறைந்த பகுதியே குளிர்ந்த இரவில் சுவாசத்தால் செலவாகிறது. எஞ்சியது வேரில் சேர்கிறது. காரட்டிற்குச் செந்நிறம் தரும் கரோட்டின், 15 முதல் 20 பாகை வரையுள்ள உஷ்ணநிலையில் நன்கு உண்டாகிறது. இப்பயனை முழுதும் பெற, உரிய வயதில் வேரை எடுத்தல் வேண்டும்.

முள்ளங்கி வகைக்கு ஏற்ப 40 முதல் 55 நாட்களில் எடுக்கத்தக்கதாகிறது. தாமதித்தால் உட்பகுதி பஞ்சுபோலாகி, பூத்தண்டும் கிளம்பும். 1967-இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்க்கா நிஷாந்த்' என்னும் வகை இக்குறைகளை ஓரளவு தாங்கவல்லது. பீட்ரூட்டை இரண்டு மாதங்களுக்குப் பின், 5 முதல் 7 சென்டிமீட்டர் குறுக்களவு அடைந்ததும் எடுக்கலாம். பெருக்கவிட்டால் நார் பாயும். காரட்டுக்கு 90 முதல் 110 நாட்கள் ஆகும். அதன் தோள்பகுதி வெயில்பட்டுப் பச்சையாகாதவாறு மண் அணைத்தல் நலம்.

பெங்களூரின் செம்மண் காய்ந்தால் இறுகும். ஆதலால் முதல் நாள் மாலை இலேசாக நீர் பாய்ச்சி, மறுநாள் காலையில் பக்கத்து மண்ணைக் களைக்கொத்தால் நெகிழ்த்தி, இலைகளின் அடியைப் பற்றி வேரை எடுத்தல் வேண்டும். இலைகள் வேரிலுள்ள நீரை ஈர்த்து வாடச் செய்யுமாதலால் அவற்றை உடனே நறுக்கிவிடுக. பீட்ரூட்டில் மட்டும் காம்பை 3 சென்டிமீட்டர் அளவு விட்டு நறுக்கினால், வேகும்போது சாயம் இறங்காது. முள்ளங்கி, பீட்ரூட் இலைகளைக் கீரையாகச் சமைக்கலாம். வேர்களை நிழலில் ஈர மணலில் புதைத்துச் சில நாட்கள் வைத்திருக்கலாம்.

ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரே நாளில் விதைத்த முள்ளங்கிகளுள் ஒன்றை 45-ஆம் நாளிலும் மற்றொன்றை 75-ஆம் நாளிலும் எடுத்துக் குறுக்கே வெட்டிக் காட்டலாம். வேற்றுமையை மாணவர் தாமே காண்பர். களப்பணியாளர் மக்களுக்கு வற்புறுத்த வேண்டியதும் இதுவே: ஒரே நாளில் பாத்தி முழுதும் விதைத்து மண்ணில் இருப்பு வைப்பதைவிட, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தால், இளவேர்கள் சமையலுக்குத் தொடர்ந்து கிடைத்து வரும்.