பிள்ளை யாரிடம் வளர்வது? வழக்குக்குரிய நீதிமன்றம் எது?

மலேசியாவில், சிரம்பானை அடுத்த ராசாவிலும் அதைச் சூழ்ந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் தாம்பத்தியம் முறிந்த குடும்பங்களில், பண்டபாத்திரத்தையும் நகைநட்டையும் பங்கிடுவதைக் காட்டிலும் பெரிய விவகாரமாக எழுவது, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதே. ஊர்ப் பெரியவர்களும் கோயில் தலைவரும் கூடிப் பேசி, ஒரு காகிதத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று நம்புவோர் பலர். சமாதானம் பேசுவது நற்காரியந்தான். எனினும் அந்தக் காகிதத்துக்கு நீதிமன்றக் கட்டளையின் பலம் கிடையாது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கையும், அதனோடு சேர்ந்த பிள்ளைகளின் பராமரிப்பையும் தீர்மானிக்கும் அதிகாரம் சிவில் உயர் நீதிமன்றத்துக்கு உரியது. ராசாவாசிகளுக்கு அது பக்கத்துச் சிரம்பானிலேயே இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகள் ஷரியா நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், பராமரிப்பை நிர்ணயிக்கையில் குழந்தையின் க்ஷேமத்தையே பிரதானமாகக் கொள்ளுமாறு நீதிபதியைப் பணிக்கிறது. பெற்றோரின் விருப்பமும், சுயமாக அபிப்பிராயம் சொல்லத்தக்க வயதுடைய பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். 7 வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நலம் என்பது சட்டத்தின் அனுமானம். தக்க காரணம் காட்டினால் அது மாறவும் கூடும். பிள்ளையின் சொத்து முதலியவற்றுக்குப் பொறுப்பான பாதுகாவலரைப் பற்றிய 1961ஆம் ஆண்டுச் சட்டமோ, 1999இல் திருத்தப்பட்ட பின், தந்தைக்குள்ள உரிமைகளையெல்லாம் தாய்க்கும் சமமாக வழங்கிற்று.

மணமக்களாக இருந்தோரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் எந்த நீதிமன்றம் என்ற வினா, சிரம்பான் அமைந்த மாநிலத்திலேயே ஒரு தாயை நெடுங்காலம் அலைக்கழித்தது. கணவர் மதம் மாறி, தாய் அறியாமலே இரு பிள்ளைகளையும் மாற்றிய பின், ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. 2014 ஏப்ரல் 7ஆம் நாள் சிரம்பான் உயர் நீதிமன்றம் தாய்க்கே அவர்களை வழங்கிற்று. இரண்டே நாளில் தந்தை மகனைத் தூக்கிச் சென்றார். ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைகள் இருப்பதைக் காட்டிக் காவல்துறை தயங்கி நின்றது. 2016 பிப்ரவரி 10ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், சிவில் முறையில் நடந்த திருமணத்தின் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்பளிக்க சிவில் நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டென்று அறுதியிட்டது. மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கில், 2018 ஜனவரி 29ஆம் நாள் அதே நீதிமன்றம், பெற்றோரில் ஒருவரின் சம்மதத்தோடு மட்டும் செய்யப்பட்ட பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்று தீர்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 15 முதல் அமலாகிய சட்டத் திருத்தத்தால், மதம் மாறியவரும் மணவிலக்குக்கு சிவில் நீதிமன்றத்தையே நாடலாம்.

ஆகையால், கோயிலில் தாலி கட்டியதோடு நில்லாமல் திருமணத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்து, அந்தச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் பத்திரமாக வைத்திருப்பது குடும்பத்தாரின் கடமை. வக்கீலுக்குக் கொடுக்க வழியற்றவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். பிள்ளையை இரவோடிரவாக உறவினர் வீட்டில் ஒளித்துவைப்பது எவருக்கும் நன்மை பயக்காது; சண்டை முற்றுமுன் உரிய நீதிமன்றத்தில் மனுச் செய்யும் பெற்றோரே பிள்ளையின் நலனைக் காப்பவராவர்.