நினைவகத்திலா, வன்தட்டிலா? பரவல் தரவுத்தளத்தில் வாசிப்பு

தரவுத்தளம் ஒரு பதிவை எங்கிருந்து வாசிக்கும்? "முதலில் நினைவகத்தில் தேடும், அங்கு இல்லாவிட்டால் வன்தட்டில் தேடும்" என்றே மாணவர் பலர் எழுதுகின்றனர். பதுக்கு நினைவகத்திற்கு இவ்விடை பொருந்தும். எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொருந்தாது. கசாண்ட்ரா என்பதை எடுத்துக்கொள்வோம். பேஸ்புக் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட இது 2008 இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. தரவுகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைப்பதால் இது ஒரு பரவல் தரவுத்தளமாகும்.

இதில் புதிய தரவு வந்ததும் அது வன்தட்டிலுள்ள ஒரு பதிவேட்டின் இறுதியில் குறிக்கப்படும். (மின் தடைப்பட்டால் நினைவகத்திலுள்ளவை அழிந்துவிடும் அல்லவா?) கூடவே நினைவகத்திலுள்ள அட்டவணையிலும் இடப்படும். அவ்வட்டவணை நிரம்பியதும் ஒரு கோப்பாக வன்தட்டில் எழுதப்படும். அக்கோப்பு அதன்பின் ஒருபோதும் திருத்தப்படுவதில்லை. இதை நன்றாக மனதிற்கொள்க.

நூலக அங்கத்தவர் ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியன கடந்த மாதம் எழுதப்பட்டு இப்போது வன்தட்டில் உள்ளன எனக் கொள்வோம். இன்று அவர் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றுகிறார். புதிய இலக்கம் நினைவகத்தில் இருக்கும். பெயரும் முகவரியும் பழைய கோப்பில் இருக்கும். நினைவகத்தை மட்டும் வாசித்தால் பெயரில்லாத அங்கத்தவர் கிடைப்பார். வன்தட்டை மட்டும் வாசித்தால் பழைய இலக்கமே கிடைக்கும். ஆகவே இரண்டையும் வாசித்து, ஒவ்வொரு புலத்திற்கும் பிந்திய நேர முத்திரை கொண்ட பெறுமானத்தைத் தெரிந்து ஒன்றிணைக்க வேண்டும்.

கோப்புகள் பல இருந்தால் எல்லாவற்றையும் திறப்பதா? வன்தட்டு நினைவகத்தைவிட மிக மெதுவானது. எனவே ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு புளூம் வடிகட்டி நினைவகத்தில் வைக்கப்படும். 1970 இல் பேட்டன் புளூம் என்பவர் முன்வைத்த முறை இது. வடிகட்டி "இல்லை" என்றால் அக்கோப்பில் தரவு நிச்சயமாக இல்லை, திறக்கத் தேவையில்லை. "இருக்கலாம்" என்றால் திறந்து பார்க்க வேண்டும், சிலவேளை ஏமாற்றமும் கிடைக்கும். கோப்புகள் இடையிடையே ஒன்றாக்கப்படுவதும் இச்சுமையைக் குறைக்கும்.

ஒரே தரவின் 3 பிரதிகள் 3 கணினிகளில் இருந்தால், பெரும்பான்மை முறையில் வாசிக்கும்போது 2 கணினிகளின் விடைகள் ஒப்பிடப்படும். அங்கும் பிந்திய நேர முத்திரையே தீர்மானிக்கும்.

பயிற்சி வினா: கோப்பைத் திருத்த முடியாதெனின், வன்தட்டிலுள்ள ஒரு பதிவை இத்தரவுத்தளம் எவ்வாறு அழிக்கும்? (குறிப்பு: "அழிக்கப்பட்டது" என்பதையும் நேர முத்திரையுடன் எழுதலாம்.)