பள்ளிக்கூடம் வீடு தேடிப் போகட்டும்!

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலை சானமாவுக் காட்டை ஒட்டிப் போகிறது. கேழ்வரகுக் கதிர் முற்றும் பருவத்தில் இந்தக் காட்டுக்கு விருந்தாளிகள் வருவதுண்டு. கர்நாடகத்துப் பன்னர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் புறப்பட்டு, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளைக் கடந்து இங்கே வந்து முகாம் போடுகின்றன. அவற்றுக்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. கதிரின் மணமே போதுமானதாயிருக்கிறது.

ஆனால் இந்தப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களுக்குக் குழந்தைகள் வந்து சேருவதற்கு மட்டும் அழைப்பு வேண்டியிருக்கிறது! அந்த அழைப்பை யார் அனுப்புவது, எப்பொழுது அனுப்புவது, எந்த விதத்தில் அனுப்புவது என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

கோடை வந்ததும் ஸர்க்கார் பள்ளி ஆசிரியர்கள் துண்டுப் பிரசுரமும் பதாகையும் ஏந்தி ஊர்வலம் போவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அந்த முயற்சியை நாம் குறை கூறவில்லை. எனினும், ஊர்வலம் தெருவோடு போகிறது. தனியார் பள்ளியின் மஞ்சள் வண்டியோ வீட்டு வாசலில் வந்து நிற்கிறது! பெற்றோர்களின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா?

இது வெறும் எண்ணிக்கைப் போட்டி அன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்களே. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்துவதைக் கண்ட பெற்றோர் வேறு பள்ளியை நாடுகிறார்கள். அதனால் பிள்ளைகள் இன்னும் குறைகிறார்கள். பிறகு பள்ளியே காலியாகிறது. 2019-ஆம் ஆண்டில், ஒரு பிள்ளைகூட இல்லாமற்போன 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றத் தமிழ்நாட்டு ஸர்க்கார் முடிவு செய்ய நேர்ந்தது. நூலகம் நல்லதுதான். ஆனால் எழுத்தறிவிக்கும் இடம் போன பின்பு அங்கே வந்து படிப்பவர் யார்? பணமுள்ளவன் பிள்ளை வண்டியேறிப் போய்விடும். கூலிக்காரன் பிள்ளை எங்கே போகும்?

அடுத்த ஊர்க்காரரின் அநுபவம்

சானமாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தொரப்பள்ளி. 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த கிராமம் அது. தகப்பனார் அந்த ஊர் முன்சீப். குழந்தைக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. ஓசூர்ப் பள்ளியில் படித்த பிறகே அவர் பெங்களூருக்கும் சென்னைக்கும் மேற்படிப்புக்குச் சென்றார். முன்சீப் வீட்டுப் பிள்ளைக்கு ஊர் மாற முடிந்தது. எல்லாருக்கும் அது முடியுமா?

அதே ராஜாஜி 1953-இல் முதன் மந்திரியாக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குறைந்த ஆசிரியர்களைக் கொண்டு நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் சட்டசபையைக்கூட முன்கூட்டிக் கலந்து கொள்ளாமல் திட்டம் அமுலுக்கு வந்தது. 'தகப்பன் தொழிலிலேயே மகனையும் கட்டிப்போடவா?' என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பிற்று. 'குலக் கல்வி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1954-இல் காமராஜ் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. மகா புத்திசாலியின் திட்டமானாலும், பெற்றோரின் நம்பிக்கை இல்லாவிட்டால் நிலைக்காது என்பதை இந்த வட்டாரத்துப் புதல்வரின் சரித்திரமே நமக்குச் சொல்கிறது.

காமராஜும் அவருடைய கல்வி இயக்குநர் ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலுவும் வேறு வழியில் போனார்கள். 'பிள்ளை பசித்திருக்கும்போது படிப்பு எப்படி ஏறும்?' என்பது ஏழைத் தாயின் கேள்வி. அதற்குப் பதிலாக மதிய உணவு வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் ஜனங்கள் பலகையும் கடிகாரமும் கட்டிடமும் கொடுத்துப் பள்ளியைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும், அதே தாயின் கேள்விக்குத் தாமதமாக வந்த இன்னொரு பதில்தான்.

கேள்வியைக் கேட்பவர் யார்?

இன்று சானமாவுப் பக்கத்துத் தாய்மார்களுக்கு வேறு கேள்விகளும் இருக்கின்றன. அவற்றுக்குத் துண்டுப் பிரசுரத்தில் பதில் இல்லை.

ஓர் ஆசிரியை ஒரு வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். பகல் பதினொரு மணிக்குப் போனால் பூட்டிய கதவுதான் காத்திருக்கும். தாய் தக்காளித் தோட்டத்திலோ, ரோஜாப் பண்ணையிலோ, தொழிற்சாலையிலோ இருப்பாள். ஓசூரைச் சுற்றி மோட்டார் வண்டி, கைக்கடிகாரம், மின்னணுக் கருவி என்று எத்தனையோ ஆலைகள்! இரவு முறை வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்களும் உண்டு. ஆகையால் விளக்கு வைத்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் போகவேண்டும்.

போனவுடன் பள்ளியின் பெருமையைப் பேசத் தொடங்கினால் காரியம் கெட்டது! இது எல்லைப் பிரதேசம். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம். தமிழ்க் கல்விச் சட்டம் 2006-இல் வந்தது முதல், முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசாத தாய்க்கு, 'என் பிள்ளை திகைத்துப் போகுமோ?' என்ற பயம் இருப்பது இயல்பு. வாசலில் நின்று, "பாகுன்னாரா அம்மா?" என்று ஆசிரியை நலம் விசாரித்தால் பாதி பயம் பறந்துவிடும். மீதிப் பாதியை வகுப்பறையில் போக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தாய் கேட்பாள்: "டீச்சர், காட்டில் யானை நிற்கிற நாளில் பிள்ளையை யார் கூட்டி வருவார்கள்?"

இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. யானை நடமாட்டத்தைப் பற்றி வனத்துறையின் எச்சரிக்கை வந்தால் யார் யாருக்குச் சொல்வது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பெரியவருடன் சேர்ந்து நடப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்த பள்ளிக்கு வேறு விளம்பரமே வேண்டியதில்லை.

வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் குடிசையில் வேறொரு கேள்வி: "பிறந்த சான்றிதழ் இல்லையே, சேர்ப்பீர்களா?" வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்த்தே ஆகவேண்டும். இது சட்டம். அந்தத் தகப்பன் சட்டப் புத்தகம் படித்தவன் அல்லன். வீடு தேடிப் போய் ஒருவர் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

மூன்று வயதிலேயே அறிமுகம்

அடுத்த வருஷம் பள்ளியில் சேரவேண்டிய குழந்தை யார் என்று தேடித் திரிய வேண்டியதில்லை. அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றன. ஐந்து வயது பூர்த்தியாகும் வரையில் காத்திராமல், மூன்று வயதிலேயே அந்த வீட்டாரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் என்ன? பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தக் குழந்தையையும் பாட்டியையும் அழைக்கலாம். விஜயதசமியன்று பிஞ்சு விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கலாம். ஜூன் மாதம் வரும்போது அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் அயல் வீடாயிராது.

சேர்த்த பிறகும் உறவு அறுந்துபோகக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அவர்களை அழைத்தால் அது குழுவாகாது. கூரை ஒழுகுவதையும், ஆசிரியர் போதாமையையும் அவர்களிடமே மறைக்காமல் சொல்லி யோசனை கேட்க வேண்டும். குறையைச் சொன்னால் பெற்றோர் ஓடிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நம் அபிப்பிராயம் நேர்மாறானது. ஆங்கிலமோ கணக்கோ சொல்லிக் கொடுப்பதில் குறையிருந்தால் அதை ஒப்புக்கொண்டு திருத்துகிற பள்ளியைத்தான் ஜனங்கள் நம்புவார்கள். நடவாததை வாக்களித்துச் சேர்த்த பிள்ளை அடுத்த ஆண்டே வேறு வண்டியில் ஏறிவிடும்.

நம்பிக்கை பிறந்துவிட்டால் என்ன நடக்கும்? அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'கல்விச் சீர்' என்றொரு வழக்கம் பரவியிருக்கிறது. கல்யாணச் சீர் போலவே, தட்டுகளில் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நாற்காலி, பீரோ சுமந்துகொண்டு, மேளதாளத்துடன் ஊரே ஸர்க்கார் பள்ளிக்கு ஊர்வலமாக வருகிறது! பெண் கொடுத்த வீட்டுக்குச் சீர் கொண்டு போவோம். பிள்ளையைக் கொடுத்த இடமும் சம்பந்தி வீடுதானே?

சம்பந்தம் பேச யாரும் துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்புவதில்லை. நேரில் போவார்கள், திண்ணையில் உட்காருவார்கள், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வார்கள், மறுபடியும் போவார்கள். தேசம் சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. காட்டோரத்துக் குடிசையில் பிறக்கும் குழந்தைக்கும் நல்ல கல்வி என்பது அந்தச் சுதந்திரம் நமக்கு வைத்துப் போன கடமை. சானமாவு வழியே இந்த ஆண்டும் யானைகள் தவறாமல் வரும். அதற்கு முன்னால் அந்த வாசல்களுக்கு உபாத்தியாயர் ஒருவர் போய் வந்திருக்க வேண்டும்.