திரையில் தெரியும் வரி யாருடையது?

கைப்பேசியில் ஆயிரம் பெயர்கள் கொண்ட தொடர்புப் பட்டியலை விரலால் மேலே தள்ளும்போது ஆயிரம் வரிகளும் நகர்வதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், செயலிக்குள் உண்மையில் இருப்பவை திரையை நிரப்பத் தேவையான பத்துப் பன்னிரண்டு வரிகளும் உபரியாகச் சிலவுமே ஆகும். மேல் விளிம்பைக் கடந்து மறையும் வரி அழிக்கப்படுவதில்லை. அதிலிருந்த பெயரும் படமும் மாற்றப்பட்டு, அதே வரி கீழ் விளிம்பில் வேறொருவருக்கு உரியதாக மீண்டும் நுழைகிறது. ஐபோன் செயலிகளை எழுதுவதற்காக ஆப்பிள் 2008இல் வெளியிட்ட கருவித்தொகுப்பில் இடம்பெற்ற யூஐடேபிள்வியூவும், கூகுள் 2014இல் ஆண்ட்ராய்டுக்கு அளித்த ரீசைக்ளர்வியூவும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

இவை பட்டியல் கட்டுப்பாடுகள் எனப்படுகின்றன. கட்டுப்பாடு என்பது பொத்தான், எழுத்துப்பெட்டி போலப் பயனர் திரையில் கையாளும் உறுப்பு. திரை திறந்திருக்கும்வரை பட்டியல் கட்டுப்பாடு ஒன்றாகவே நிலைத்திருப்பதால், நிரலர் அதற்கு ஒரு பெயரிட்டு வேண்டும்போதெல்லாம் அப்பெயரால் அழைக்கலாம். ஆனால் வரி நிலையற்றது. அதைப் பட்டியலைப் போலவே கருதிப் பிடித்து வைத்துக்கொள்வதில்தான் எண்ணற்ற பிழைகள் பிறக்கின்றன.

மீனா என்பவரின் படத்தை இணையத்திலிருந்து பெற ஒரு வரி கோரிக்கை அனுப்புகிறது என்று கொள்வோம். படம் வந்து சேர்வதற்குள் பயனர் பட்டியலை வேகமாகத் தள்ளிவிட, அவ்வரி கண்ணனுக்கு உரியதாகிவிடுகிறது. தாமதமாக வந்த படமோ தான் அறிந்த அதே வரியில் போய் அமர்வதால், கண்ணனின் பெயருக்கு அருகே மீனாவின் முகம் தெரிகிறது. ஒரு வரியில் இட்ட டிக் குறி, பட்டியலை நகர்த்தியதும் தொடப்படாத வேறொரு வரியில் தென்படுவதும் இதனால்தான். குறியைத் தரவில் பதியாமல் வரியிலேயே விட்டுவைத்ததன் விளைவு அது.

வரியை அதன் இட எண்ணால் சுட்டுவது இதனினும் மேலானது என்றாலும் முழுப் பாதுகாப்பு ஆகாது. நீக்கும் பொத்தான் ஒவ்வொன்றும் தன் வரியின் எண்ணை முன்கூட்டியே நினைவில் வைத்திருக்குமானால், இரண்டாம் வரி நீக்கப்பட்டதும் கீழுள்ளவை ஓரிடம் மேலேறிவிட, ஐந்தாவது என்று நினைவில் நிற்கும் எண் இப்போது அடுத்தவரையே காட்டும். தவறான படம் அடுத்த நொடியே கண்ணில் பட்டுவிடும். தவறாக நீக்கப்பட்ட பதிவோ பல மாதங்கள் கழித்துத் தேடும்போதுதான் தெரியவரும் என்பதால், நிரலர்கள் அஞ்ச வேண்டியது இப்பிழைக்கே.

தரவுத்தளத் துறை இதற்கான விடையை முன்பே கண்டிருந்தது. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுசார் தரவு மாதிரியில் வரிகளின் வரிசைமுறைக்குப் பொருளில்லை. ஒவ்வொரு வரியையும் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது முதன்மைத் திறவுகோல் என்னும் அடையாளம். ஆப்பிளும் 2019இல் ஐஓஎஸ் 13 உடன் அளித்த டிஃப்பபிள் டேட்டா சோர்ஸ் என்னும் அமைப்பில், இட எண்ணுக்கு மாற்றாக இத்தகைய அடையாளத்தை முன்வைத்தது.

ஆகவே ஒரு பதிவு மாறும்போது முதலில் தரவைத் திருத்தி, அதன் அடையாளத்தைக் கொண்டு அது அந்நேரத்தில் நிற்கும் இடத்தை அறிந்து, அவ்விடத்தை மட்டும் புதுப்பிக்குமாறு பட்டியல் கட்டுப்பாட்டிடம் கூறுவதே முறை. அவ்வரியைக் கேட்டால், அது திரையில் இல்லாதபோது யூஐடேபிள்வியூ வெறுமையையே விடையாகத் தரும். அதைப் பிழையெனக் கருத வேண்டியதில்லை, ஏனெனில் பயனர் அவ்விடத்துக்கு வரும்போது திருத்திய தரவைக் கொண்டே அவ்வரி நிரப்பப்படும்.